தொப்பிக்கு ரவை, பேஸுக்கு பெடல்!

கர்நாடக சங்கீதக் கச்சேரியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் மிருதங்க வித்வான் ஒரு காரியம் செய்வார். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடது பக்கம் - 'தொப்பி' என்பார்களே, அதன் நடுவில் - வட்டமாக அப்புவார். தட்டிப் பார்ப்பார். கொஞ்சம் கிள்ளி எடுப்பார். மறுபடி தட்டுவார். 'தொம்' என்று வயிற்றுக்குள் இறங்குகிற ஒரு சத்தம் வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த ரவைக்கு என்ன வேலை? தோலின் எடையைக் கூட்டுவது. எடை கூடினால் அதிர்வு மெதுவாகும். அதிர்வு மெதுவானால் ஒலி கீழே இறங்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம். பறை வாசிக்கிறவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். நெருப்பு மூட்டி, தோலைக் காட்டி, முறுக்கேற்றி, ஒலியை மேலே தூக்குவார்கள். ஒருத்தர் கீழே இறக்குகிறார், இன்னொருத்தர் மேலே ஏற்றுகிறார். இரண்டுமே, கருவி தருகிற ஒலியை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தனக்கு வேண்டிய ஒலியாக மாற்றிக்கொள்ளும் வித்தை.

இந்த வித்தையைப் பற்றிப் பேச வாலாஜாபேட்டையைவிடப் பொருத்தமான ஊர் எது? ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் பெயரைச் சுமக்கும் ஊர். 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம், இந்த ஊரை ஒட்டிய வாலாஜா ரோடு. 2019 முதல் இது ராணிப்பேட்டை மாவட்டம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். அம்மன் கோயில் திருவிழா என்றால் பம்பை இல்லாமல் நடக்காத வட்டாரம். பம்பையைக் கவனித்துப் பாருங்கள்... ஒன்றல்ல, இரண்டு முழவுகள் சேர்த்துக் கட்டியிருக்கும். ஒன்று மரம், ஒன்று வெண்கலம். ஒரே ஆள், ஒரே இடுப்பு, இரண்டு வேறு வேறு குரல்!

சரி, இந்தத் தோல் ஊர்களில் இன்று சர்ச் இசைக்குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் நாலு தந்தி கிதாரை மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்கிற பையனுக்கு வருவோம். அவன்தான் பேஸ் கிதார்காரன். 'என்னப்பா, உன் சத்தமே கேக்கலியே?' என்று எல்லாரும் கேட்பது அவனைத்தான். அந்தக் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். அந்தக் காலத்து இசைக்குழுக்களில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் மர டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. அப்படித் தூக்கிப் போய் வாசித்தாலும், டிரம்ஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஃபெண்டர் 1951-ல் அதைக் கிதார் மாதிரி தோளில் மாட்டுகிற பலகையாகச் சுருக்கினார். சுரம் பிசகாமல் விழக் கட்டைகள் பதித்ததால், துல்லியம் என்ற பொருளில் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர்.

கருவி வந்தாயிற்று. ஒலிக்கப் பெட்டி? அதற்காக 1952-ல் 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார். இங்கேதான் ஒரு வேடிக்கை. பேஸுக்காகச் செய்த அந்தப் பெட்டியை, சாதாரண கிதார்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்! சத்தமாக வைத்தால் அதில் ஒரு கரகரப்பு வரும். பேஸ்காரனுக்கு அது தொல்லை, கிதார்காரனுக்கு அது தேன். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962-ல் அந்த பேஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தார்கள். உலகத்தின் ராக் மேடைகளை ஆண்ட மார்ஷல் பெட்டிகளின் மூதாதை, ஒரு பேஸ் பெட்டி.

பேஸுக்கு மட்டும் ஏன் இத்தனை தகராறு? கணக்கு ரொம்ப எளிது. பேஸ் கிதாரின் அடித் தந்தி நொடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிதாரின் அடித் தந்தி 82 தடவை. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தம் வர ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய் வரவேண்டும். அதாவது, ஏகப்பட்ட காற்றைத் தள்ளவேண்டும். கிதாருக்கான ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் நகர்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் பேஸைச் சொருகிச் சத்தமாக வைத்தால் என்ன ஆகும்? முதலில் இருமும். அப்புறம் கிழியும்.

அதனால்தான் பேஸ் பெட்டிகள் வளர்ந்துகொண்டே போயின. 1969-ல் ஆம்பெக் நிறுவனம் 'எஸ்விடி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 300 வாட்ஸ். மேலே வைக்கிற தலைப்பகுதி மட்டும் கிட்டத்தட்ட 40 கிலோ. அதை மாடிப்படியில் ஏற்றிய உதவியாளர்களின் முதுகுகள்தான் ராக் இசையின் எழுதப்படாத வரலாறு!

இனி நம்ம ஊர் கதை. தமிழ் சினிமாப் பாடல்களில் டபுள் பேஸ் மெல்லிசை மன்னர்கள் காலத்திலேயே உண்டு. ஆனால், பேஸ் கிதாருக்குத் தனியாக ஒரு மெட்டே எழுதி, பாட்டின் இன்னொரு குரலாக நடமாட விட்டவர் என்றால் இளையராஜாவைத்தான் சொல்லவேண்டும். 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர், தானே கிதார் வாசிப்பவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். 1980-ல் வந்த 'மூடுபனி'யில் கிதாரோடு ஜேசுதாஸ் பாடும் பாட்டை நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பாடகர் ஒரு பாதையில் போக, பேஸ் தன்பாட்டுக்கு வேறொரு பாதையில் நடந்துபோய், சரியான இடத்தில் வந்து கை கோத்துக்கொள்ளும். அவருடைய குழுவில் அந்த வேலையை வருடக்கணக்கில் செய்தவர்களில் ஒருவர் சசிதரன்.

ஆனால், நாம் அதைக் கேட்டோமா? இதுதான் இந்தக் கதையின் சோகம்.

அந்தப் பாட்டுகள் நம்மிடம் எப்படி வந்தன என்று யோசியுங்கள். கல்யாண வீட்டுத் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். டீக்கடை டிரான்சிஸ்டர். குழாய் ஸ்பீக்கர் எட்டு ஊருக்குக் கேட்கும். ஆனால், சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது கிட்டத்தட்டத் தொடவே தொடாது. டிரான்சிஸ்டரின் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரும் அப்படித்தான். ஸ்டுடியோவில் ஒரு மனிதர் விரல் தேயத் தேய வாசித்த அடித்தளம், வழியிலேயே உதிர்ந்துபோனது. 1980-களில் டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்து, காசெட் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் பலர், 'அட, இந்தப் பாட்டுக்குள்ளே இப்படி ஒண்ணு ஓடுதா!' என்று நிமிர்ந்தார்கள்.

அப்புறம் 1992-ல் 'ரோஜா'. ஏ.ஆர்.ரஹ்மான் வந்தபோது நல்ல ஸ்பீக்கர்களும் வர ஆரம்பித்திருந்தன. அடித்தளம் ஒளிந்து நிற்கவேண்டிய அவசியம் தீர்ந்தது. அவருடைய எத்தனையோ பாடல்களில் பேஸ் வாசித்தவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ்.

இப்போது மறுபடி நம்ம பையனிடம் வருவோம். அவன் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. என்ன வாங்குவது?

முதல் விஷயம்... கிதார் ஆம்ப்ளிஃபையர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது. பேஸுக்கென்று செய்த பெட்டிதான் வேண்டும். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோ, 10 அங்குலத்தில் இரண்டு, நாலோ இருக்கலாம். எண்ணிக்கையைவிட, அது கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. இரண்டாவது, வாட்ஸ். கிதாருக்கு 30 வாட்ஸ் போதுகிற மேடையில், பேஸுக்கு அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பயப்படவேண்டாம். அன்றைக்கு 40 கிலோ இருந்த சமாசாரம், இன்றைக்கு 'கிளாஸ் டி' தொழில்நுட்பத்தில் 500 வாட்ஸுக்கு இரண்டு மூன்று கிலோவில் கிடைக்கிறது. தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். மூன்றாவது, ஓம்ஸ். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம்ஸ். ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு வரை தாங்கும் என்று பின்னால் எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் புகை வரும்.

அடுத்து பெடல். காலால் மிதித்தால் ஒலியின் குணத்தையே மாற்றுகிற சின்னத் தகரப்பெட்டி. இதன் பிறப்பிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 1960-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவு. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசிக்கிறார். ஒலிப்பதிவு மேஜையில் ஏதோ பழுது. பேஸ், வண்டு ரீங்கரிப்பதுபோல 'ர்ர்ர்' என்று பதிவாகிறது. தூக்கிப் போடவில்லை, அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு ஹிட்! அந்தப் பழுதையே வேண்டுமென்று வரவழைக்க, க்ளென் ஸ்னாடி என்ற ஒலிப்பொறியாளர் ஒரு சர்க்யூட் செய்தார். 1962-ல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று கடைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் கிதாரில் அதை மிதித்த பிறகு உலகமே மிதித்தது. ஃபஸ் என்றாலே கிதார் என்று இன்று நினைக்கிறோம். பிறந்தது பேஸில்!

பேஸ்காரனுக்கு இதில் ஒரு ரகசிய லாபமும் இருக்கிறது. 41 ஹெர்ட்ஸைச் சின்ன ஸ்பீக்கர் தராது. ஆனால், பெடல் சேர்க்கும் கரகரப்பில் 82, 123, 164 என்று அதன் மடங்குகள் பலமாகப் பிறக்கின்றன. மேல் மடங்குகளைக் கேட்டதுமே நம் மூளை, 'அப்படியென்றால் அடியில் 41 இருக்கவேண்டும்' என்று தானாகவே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. இல்லாத ஒலியைக் காது கேட்கிறது! செல்போன் ஸ்பீக்கரில்கூட பேஸ் இருப்பதுபோல் தோன்றுகிற மாயம் இதுதான்.

ஆனால், கிதார் பெடலை அப்படியே பேஸுக்குப் போட்டால் அடி ஒலி காணாமல் போகும். உதாரணத்துக்கு, ஐபனேஸின் பச்சை நிற டியூப் ஸ்க்ரீமர். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்கு அது கரகரப்பைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டே வரும். காரணம், உள்ளே இருக்கும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அதைக் கழற்றிவிட்டு 0.22 போட்டால், அந்த எல்லை சுமார் 150-க்கு இறங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான், ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் பொறுமை. போதும். கையில் சூடு போட்டுக்கொள்ள விருப்பமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி: சுத்தமான ஒலியையும் கரகரப்பான ஒலியையும் கலந்து தருகிற 'பிளெண்ட்' திருகு உள்ள பெடலாக வாங்குவது. அடித்தளமும் நிற்கும், மேலே அலங்காரமும் கிடைக்கும்.

ஆனால், ஒன்றை மட்டும் கைவைக்காதீர்கள். 9 வோல்ட் பெடலைத் திறப்பது வேறு. வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறப்பது வேறு. அதற்குள் 400, 500 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டருக்குள் அது உட்கார்ந்திருக்கும். அதேபோல, 'மூணு பின் சாக்கெட் இல்லீங்க' என்று எர்த்தை வெட்டிவிட்டு இரண்டு ஒயரைச் சொருகுகிற பழக்கம் நம் மேடைகளில் சாதாரணம். மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்று இழுத்தால் சிரித்துக்கொண்டு விலகுகிறோம். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரை விட்டார். வயது 30-கூட ஆகவில்லை. எந்த பெடலைவிடவும் முக்கியமான சாமான், அந்த மூன்றாவது பின்.

இன்னொரு சின்ன ஆச்சரியம். 1920-களில் செய்யப்பட்ட ஸ்பீக்கர்கள் சிலவற்றில், காகிதக் கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைத்தது மெல்லிய தோல்தான். பிற்பாடு ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளுக்குப் போர்த்தப்பட்ட 'டோலெக்ஸ்' உறைகூடத் தோல் மாதிரித் தெரிவதற்காகச் செய்த வினைல். மின்சாரம் வந்த பிறகும், ஒலி அத்தனை சீக்கிரம் தோலை விட்டுவிடவில்லை.

அடுத்த முறை திருவிழாக் கச்சேரிக்குப் போனால், பாடுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் பின்வரிசைப் பையனின் விரல்களைப் பாருங்கள். அவன் ஒரே ஒரு நிமிடம் கையை எடுத்தால் போதும், மொத்தப் பாட்டும் தரையைவிட்டு நழுவி அந்தரத்தில் நிற்கும். கட்டடத்தில் அஸ்திவாரத்தை யாரும் பார்ப்பதில்லை. அது வேறு விஷயம். பாட்டின் அஸ்திவாரத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். கேட்டால் போதும்!