வெண்பனி இளவரசியும் தோட்டத்துப் பிள்ளைகளும்



ஆண்டிறுதித் தேர்வு முடிந்து, இரவல் பாடநூல்களையும் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகு, பள்ளியில் சில நாள்கள் வெறுமையாகக் கிடக்கும். அந்நாள்களில் மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனைகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் அப்பொறுப்பு அடியேனிடம் வந்தது. முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கு வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தைத் தெரிவு செய்தேன். பழைய படம், பாட்டுகள் உண்டு, ஏழு குள்ளர்கள் சிரிக்க வைப்பார்கள். இதைவிடப் பாதுகாப்பான படம் வேறெது என்று எண்ணினேன்.

காட்டில் மரங்கள் கைகளாக மாறி இளவரசியைப் பிடிக்க வரும் காட்சியில் இரண்டு சிறுவர்கள் அழுதார்கள். பக்கத்தில் அமர்த்திக்கொண்டேன், சரியாகிவிட்டது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. நான்கு நாள்கள் கழித்து அவள் வீட்டிலிருந்து ஒரு பெண்மணி பள்ளிக்கு வந்தார். அம்மாணவியின் தாய் காலமாகி, தந்தை மறுமணம் செய்துகொண்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. வந்தவர் அச்சின்னம்மாதான். கோபமாகப் பேசவில்லை. "நான் வெட்டிக் குடுக்கற பழத்தத் தொட மாட்டேங்குது சார். என்ன படம் காட்டுனீங்க?" என்று மட்டுமே கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பின் இப்படத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது தெரியவந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

'ஸ்னோ ஒயிட்' 1937 டிசம்பர் 21-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டனுக்கு வந்தபோது, அந்நாட்டுத் தணிக்கை வாரியம் அதற்கு அனைவருக்குமான 'யு' சான்றிதழைத் தரவில்லை. 'ஏ' சான்றிதழைத் தந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வந்தால் மட்டுமே பார்க்கலாம் என்பது அன்றைய 'ஏ'-யின் பொருள். காட்டுக் காட்சியும் சூனியக்காரியும் பிள்ளைகளை அச்சுறுத்தும் என்பதே வாரியத்தின் கவலை. பல உள்ளூர் மன்றங்கள் அம்முடிவை ஏற்காமல், தத்தம் எல்லைக்குள் 'யு' என்றே திரையிட அனுமதித்தன. பின்னாளில் வாரியமும் அதே சான்றிதழைத் தந்துவிட்டது. அந்த 'ஏ' முறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. துணைக்கு ஆள் இல்லாத சிறுவர்கள் அரங்க வாசலில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் "என்னை உள்ளே அழைத்துப் போங்கள்" என்று கேட்டு நுழைந்துவிடுவார்களாம்.

ஆக, அன்றைய தணிக்கையாளர்கள் எண்ணிப் பார்த்தது அச்சத்தை மட்டுமே. அதிலும் கண்ணுக்குத் தெரியும் அச்சத்தை. அது தவறான எண்ணமன்று. 1985-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிந்தியா ஹோஃப்னர், ஜோன் கேன்டர் எனும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கதையில் வரும் முதியவள் ஒரு வடிவத்தில் அழகாக இருப்பாள், மற்றொன்றில் விகாரமாக இருப்பாள். அவளது செயலும் ஒன்றில் அன்பானது, மற்றொன்றில் கொடியது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளைத் தோற்றத்தைக் கொண்டே பெரிதும் மதிப்பிட்டார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளோ அவள் செய்கையைப் பார்த்தார்கள். ஆறு, ஏழு வயதினர் இவ்விரண்டுக்கும் இடையில் நின்றார்கள். நம் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு இது நாள்தோறும் கண்ட செய்திதான். அழகிய அரசி கொலைக்கு ஆணையிடும்போது சிறு பிள்ளை பேசாமல் பார்க்கும். மூக்கு நீண்ட கிழவி ஆப்பிளை நீட்டும்போது அலறும்.

எனினும் அம்மாணவியின் துன்பம் மூக்கிலிருந்தோ மரக்கிளைகளிலிருந்தோ வந்ததன்று. கதையின் அமைப்பிலிருந்து வந்தது. தாய் இல்லை, தாயின் இடத்தில் ஒருத்தி வந்திருக்கிறாள், அவள் உண்ணத் தருவது நஞ்சு. இதைத் தணிக்கை செய்ய எந்த வாரியத்தாலும் இயலாது. எந்தக் காட்சியை வெட்டுவது?

இக்கதையின் பிறப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கிரிம் உடன்பிறப்புகள் 1812-இல் இதை முதன்முதலாக அச்சிட்டபோது, அழகில் பொறாமை கொண்டு மகளைக் கொல்லத் துணிபவள் சிற்றன்னை அல்லள், பெற்ற தாயே. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். தாய்மையின் புனிதம் கெடலாகாது என்று கருதியிருக்கலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியில் அவளை ஆடவிட்டுச் சாகடிக்கும் முடிவை மட்டும் அவர்கள் விட்டுவைத்தார்கள்! டிஸ்னி அதைக் கைவிட்டு, அவளை மலையுச்சியிலிருந்து விழச் செய்தார். கொடுமையைக் குறைக்க இரு நாடுகளில் இரு தலைமுறையினர் முயன்றார்கள். அம்முயற்சியில் பழி முழுவதும் உலகத்துச் சிற்றன்னையர் தலையில் வந்து விழுந்தது.

நம் கதைகள் மென்மையானவை என்று யாரும் பெருமைகொள்ள வேண்டாம். நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் கதையைக் கேட்டே நம் பாட்டிமார் வளர்ந்தார்கள். அதிலும் பழி சுமப்பவள் அண்ணி மூளி அலங்காரிதான். 1951-இல் வெளிவந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதி, கதாநாயகனைப் பலியிடவே அழைத்துச் செல்கிறான். அப்படத்தை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று அக்காலத் தோட்டங்களில் எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேளாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது கோல சிலாங்கூர்ப் பகுதியின் பெருமை. எனினும் பல்லாண்டுகள் இங்கு ரப்பர்தான் ஆட்சி செய்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்ததே ஒழிய, படக்கொட்டகை அங்கு வரவில்லை. 1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்ட பின், அரசாங்கத்தின் படவண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன. திருவிழாக் காலங்களிலும் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டித் தமிழ்ப்படம் ஓட்டுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் அமர்ந்து, இடம் வலமாகத் திரும்பிய படத்தைப் பார்த்ததாக மூத்தவர்கள் சொல்வார்கள்.

அத்திடலில் பிள்ளை எங்கே இருந்தது? பாயில், தாயின் மடியில், அல்லது லயத்துப் பெரியம்மாவின் முந்தானைக்குள். மந்திரவாதி வந்தவுடன் கண்ணைப் பொத்த ஒரு கை இருந்தது. "அது வேஷம்டா, உள்ள இருக்கறது மனுசன்" என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் மறுமணம் என்பது லயத்தில் அனைவருக்கும் தெரியும். பிரிட்டிஷ் வாரியம் 'ஏ' என்ற எழுத்தால் கட்டளையிட்ட துணை, இங்கே கட்டளை இல்லாமலே கிடைத்தது. அக்காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. மறுநாள் விடியலில் பெரட்டுக்கு ஓட வேண்டியவர்களின் மடி அது. பயந்த பிள்ளையை அடித்து உட்கார வைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

1963 டிசம்பர் 28-இல் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. திடல் மெல்ல வீட்டுக்குள் சுருங்கியது. தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் ஈஜோக்கிற்கும், 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கும் குடிபெயர்ந்தார்கள். இப்போது அதே பிள்ளை கைப்பேசியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தனியே பார்க்கிறது.

நம் நாட்டுத் தணிக்கையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2002-இல் திரைப்படத் தணிக்கைச் சட்டம் வந்தது. உள்துறை அமைச்சின் கீழுள்ள தணிக்கை வாரியம் அதன்படி படங்களை வகைப்படுத்துகிறது. 'யு', 'பி13', '18' எனும் பிரிவுகளுடன் 2023-இல் 12, 16 எனும் வயதுப் படிகளும் சேர்ந்தன. இது பயனுள்ள மாற்றமே. ஆறு வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒரே பாயில் உட்கார வைக்க முடியாதல்லவா?

ஆனால் பொதுமக்கள் சண்டையிட்டது எதற்காக என்று பாருங்கள். 1991-இல் கேலிச்சித்திரமாக வந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையை, 2017-இல் டிஸ்னி நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தது. ஓரினச் சேர்க்கையைக் குறிப்பதாகக் கருதப்பட்ட சில நொடிகளை வெட்ட வேண்டுமென வாரியம் கூறியது, நிறுவனம் மறுத்தது, படம் தள்ளிப்போய், மார்ச் 30-இல் வெட்டின்றிப் 'பி13' வகையில் வெளியானது. நாளிதழ்களில் நாள்தோறும் அதே பேச்சு. ஒரு மகள் தந்தைக்காகத் தன்னைச் சிறைக்கு ஒப்புக்கொடுப்பதை ஏழு வயதுப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் படித்ததில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு படத் தெரிவை நான் தனியே செய்வதில்லை. படத்தை முதலில் முழுதும் பார்த்துவிடுவேன். பிறகு வகுப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்ப்பேன். யார் வீட்டில் தந்தை இல்லை, யார் பாட்டியிடம் வளர்கிறார்கள், யார் அண்மையில் மருத்துவமனைக்குப் போய் வந்தார்கள் என்று. பெற்றோரிடமும் கதையைச் சொல்லிவிடுவேன். "சார், இதுக்கெல்லாமா?" என்று சிரித்தவர்களும் உண்டு.

மறு ஆண்டு, ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் 'என் அண்டைவீட்டு டொடோரோ' படத்தை மனத்தில் வைத்திருந்தேன். 1988-இல் வந்த படம். அரக்கர் இல்லை, சூனியக்காரி இல்லை, கொடியவர் ஒருவருமில்லை. தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்க, இரு சிறுமியர் காட்டுத் தெய்வத்தோடு நட்புக்கொள்ளும் கதை. இம்முறை தப்பே நேராது என்று உறுதியாக நம்பினேன். மகளைக் கூட்டிப்போக வந்த அச்சின்னம்மாவிடம் பள்ளி வாசலில் நின்று கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"கடைசியில அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்துருவாங்களா சார்?"

வந்துவிடுவார் என்றேன்.

சற்று நேரம் திடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப வேண்டாங்க சார். வேற எதாச்சும் பாருங்க" என்றார்.