டிரம்ப் கார்டும் நானும்: மல்யுத்தம் பார்த்த கதை, விட்ட கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2025 ஜூலை 24, இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 1996-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. இப்போது ஓசூரில் வேலை. “சார், ஹல்க் ஹோகன் இறந்துட்டாரு. 71 வயசு.” அடுத்த வரி: “நீங்க இன்னும் ரெஸ்ட்லிங் பார்க்கறீங்களா சார்?” நான், “இல்லப்பா, விட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு” என்று போட்டேன். “ஏன் சார்?” என்று கேட்டான். நாலு வரி அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியவனுக்கு ஒரு ‘ஏன்’ கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அரூர்ப் பக்கத்து ஊர்களில் மஞ்சள் வாங்கி சேலத்துக்கு அனுப்புகிற சின்ன வியாபாரி அவர். 1960-களில் ஏதோ வேலையாகச் சென்னைக்குப் போன இடத்தில் தாராசிங், கிங்காங் மோதலைப் பார்த்ததாகச் சொல்வார். சாகும்வரை சொன்னார். கயிற்றுக் கட்டிலில் ஏறி நின்று, கிங்காங் நடந்து வந்த நடையை நடந்து காட்டுவார். அம்மா உள்ளேயிருந்து கட்டில் போச்சு என்று கத்துவாள்.

கிங்காங் என்றால் சினிமாக் குரங்கு இல்லை, பிள்ளைகளே. எமில் சாயா என்ற ஹங்கேரிய வம்சாவளி மல்லர். எடை 400 பவுண்டுக்கு மேல். சிங்கப்பூரில் வாழ்ந்து, 1970-இல் கார் விபத்தில் அடிபட்டு அங்கேயே இறந்தார். தாராசிங் அமிர்தசரஸ் மாவட்டத்து விவசாயி மகன். 1947-இல் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய், அங்கே தொழில்முறை மல்யுத்தத்தில் சேர்ந்தவர். இந்த இருவரும் ஊர் ஊராகப் போய் மோதினார்கள். கிங்காங் மிரட்டுவார், தாராசிங் அவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவார். ஜனம் விசில் அடிக்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவிடம் கேட்டேன்: “ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டுத்தான் அடிச்சுக்குவாங்களாமே?” அப்பா கோபப்படவில்லை. “படுகளத்துல துரியோதனன் சாவறது நெசமாடா? அதுக்காக நாம அழுவாம வர்றமா?” என்றார்.

நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு இது புரியும். பதினெட்டாம் போரன்று மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார். முடிவு என்ன என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் களத்தில் நிற்கிறவர்களுக்கு உடம்பு நடுங்கும். அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் நாற்பது வருடம் மல்யுத்தம் ரசித்தேன். ரசிப்பை விட்டதும் அதே வாக்கியத்தால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வகுப்பில் இருந்திருந்தால் இந்த இடத்தில் புறநானூற்றுக்குப் போயிருப்பேன். இங்கேயும் போகிறேன், மணி அடிக்க ஆளில்லை. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வீழ்த்தியதைச் சாத்தந்தையார் 80-ஆம் பாட்டில் பாடுகிறார். எனக்குப் பிடித்தது நக்கண்ணையாரின் 85-ஆம் பாட்டு. அவனை நேசித்த பெண் அவர். ஊரில் சிலர் அவன் ஜெயித்தான் என்கிறார்கள், சிலர் ஜெயிக்கவில்லை என்கிறார்கள். இந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிப்போய்ப் பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வெற்றியைத் தன் கண்ணால் பார்க்கிறாள். ரசிகர் என்றால் அவர்தான் முதல் ரசிகர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கும் ‘மாமல்லன்’ என்றுதான் பட்டம். மாமல்லபுரத்தின் பெயரே ஒரு மல்லனின் பெயர்.

அவை நிஜ மோதல்கள். காமா பயில்வான் காலத்திலும் நிஜ மோதல் இருந்தது. 1910-இல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டே காமாவிடமிருந்து தப்பித்தார். மறுமோதலுக்கு வரவேயில்லை. 1928-இல் பாட்டியாலாவில் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் ஆளைச் சாய்த்துவிட்டார் காமா. இதில்தான் சிக்கலே இருக்கிறது. நிஜ மோதல் ஒன்று மணிக்கணக்கில் இழுக்கும், இல்லையென்றால் கண் இமைக்குமுன் முடியும். டிக்கெட் வாங்கினவனுக்கு இரண்டுமே பிடிக்காது. அதனால் அமெரிக்கக் கண்காட்சிக் கொட்டகைகளில் வளர்ந்த தொழில்முறை மல்யுத்தம் கதை சொல்ல ஆரம்பித்தது. முடிவை முன்கூட்டியே பேசி, அதை வெளியே சொல்லாமல் காப்பாற்றினார்கள். 1989 பிப்ரவரியில் அந்த ரகசியத்தை அவர்களே உடைத்தார்கள். நியூஜெர்சி மாநில செனட் முன்பு டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம், இது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. காரணம் நேர்மை அல்ல. விளையாட்டு என்றால் அரசின் கட்டுப்பாடும் வரியும் உண்டு.

நம் ஊருக்குக் கேபிள் டிவி வந்தது அதற்குப் பிறகு. அதாவது பொய் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பின்னால்தான் அரூரில் நாம் அதை நிஜம் என்று நம்பத் தொடங்கினோம்!

1996-இல் வகுப்பறை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர். அவர் அக்ஷய் குமாரோடு இந்திப் படத்தில் நடித்தார் என்று அடித்துப் பேசுவீர்கள். (அது பிரையன் லீ என்ற வேறொரு மல்லர், அண்டர்டேக்கர் வேஷத்தில் வந்தார். முப்பது வருடம் கழித்துத் திருத்துகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.) பெஞ்சுக்கு அடியில் டிரம்ப் கார்டு ஓடும். உயரம், எடை, மார்பு, கை, மோதியவை, வென்றவை. பானிபட் போர் நடந்த ஆண்டு தெரியாதவன் யோகோசுனாவின் எடையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

ஒருநாள் முகலாயர் பாடத்தின் நடுவில் ஒரு கட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். “எல்லாம் நாடகம்டா, பொய். இதுக்குப் போய் நேரத்தை வீணாக்குறீங்க” என்று பத்து நிமிடம் பேசினேன். அன்று இரவு பத்து மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். என் வீட்டு டிவி முன்னால். மகன் ஒரு பக்கம், பெரிய அக்கா மகன் ஒரு பக்கம். பிரெட் ஹார்ட் மோதல். இதை இன்றுவரை எந்த மாணவனிடமும் சொன்னதில்லை.

அடுத்து நடந்ததை உறவுகள் அறிவார்கள். அப்பா அறை முழுக்க மஞ்சள் மூட்டை அடுக்கியிருந்த சமயம். என் மகன் மூட்டை மேலிருந்து கீழே படுத்திருந்த அக்கா மகன் மேல் குதித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு ஆறு வாரம். அக்கா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. “வாத்தியாரா இருந்துக்கிட்டு நீயும் கூட உக்காந்து பாக்கறியேடா” என்றாள். மருமகனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. அந்த இடத்தில் எலும்பு இன்னும் மேடாகத் தெரியும். அக்கா இதையும் படிப்பாள். ஆமாம் அக்கா, தப்பு என்னுடையதுதான்.

ஆனால் அப்போதும் நான் விடவில்லை. மகன் இல்லாத நேரத்தில் பார்த்தேன், அவ்வளவுதான்.

1999 மே 23. கன்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட்டைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும்போது பிடி விட்டுப் போனது. 70 அடிக்கு மேலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அவர் விழுந்த அதே மேடையில் அடுத்த மோதல் நடந்தது. சில நாள் கழித்துச் செய்தித்தாளில் ஒரு துண்டுச் செய்தியாகப் படித்தேன். அன்றைக்குத்தான் அப்பா சொன்ன வாக்கியத்தில் முதல் விரிசல் விழுந்தது. கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் விடிந்ததும் அரிதாரம் சரியாகப் போகாத முகத்தோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம். செத்தது வேஷம், ஆள் இல்லை. அதனால்தான் அழ முடிந்தது. இங்கே ஆள் திரும்பி வரவில்லை.

2000 அக்டோபரில் யோகோசுனா, 34 வயது, லிவர்பூலில் ஒரு ஓட்டல் அறையில். 2002-இல் பிரிட்டிஷ் புல்டாக், 39. 2003-இல் மிஸ்டர் பர்ஃபெக்ட், 44. 2004-இல் பிக் பாஸ் மேன், 41. 2005 நவம்பரில் எடி குரேரோ, 38, அவரும் ஓட்டல் அறையில். பலருக்கும் இதயம்தான் நின்றது. உடம்பைப் பெருக்கத் தின்ற மருந்து, வலிக்குத் தின்ற மருந்து, ஓய்வில்லாத பயணம். அடுத்தவரை அடிப்பதில் ஏமாற்றலாம், மேலேயிருந்து விழுவதில் ஏமாற்ற முடியாது. மஞ்சள் மூட்டை மேலிருந்து குதித்தவனைக் கேட்டால் சொல்வான்.

2004 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு காட்சி. கிறிஸ் பென்வா உலகப் பட்டத்தை ஜெயித்துவிட்டு அழுகிறார். இன்னொரு பட்டத்தைத் தோளில் போட்டிருந்த எடி குரேரோ வந்து கட்டிப்பிடிக்கிறார். மேலே காகிதத் துண்டுகள் கொட்டுகின்றன. இருவரும் குள்ளமானவர்கள், வருடக்கணக்கில் ஒதுக்கப்பட்டவர்கள். வேலை தெரிந்தவனுக்கு ஒருநாள் மரியாதை கிடைக்கும் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்தேன். நானும் அப்போது பதவி உயர்வுக்குக் காத்திருந்த ஆள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2007 ஜூனில் பென்வா தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் தூக்கில் தொங்கினார். வயது 40. அவருடைய மூளையைச் சோதித்தவர்கள், மறதி நோய் முற்றிய 85 வயதுக்காரரின் மூளைபோல இருந்தது என்றார்கள். எத்தனை வருடம் தலையால் மோதியிருப்பார். அதை வைத்து அவர் செய்ததை மன்னிக்க நான் வரவில்லை. அந்தத் தாயும் குழந்தையும் என்ன பாவம் செய்தார்கள்?

என்னை வெளியே தள்ளியது அதற்கு அடுத்து நடந்தது. விவரம் முழுதாகத் தெரியுமுன் மூன்று மணி நேரம் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார்கள். உண்மை வெளிவந்ததும் மறுநாளே அவர் பெயர் நின்றது. பழைய மோதல்களைப் பற்றிப் பேசும்போதும் அப்படி ஓர் ஆள் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எகிப்தில் ராணி ஹாட்ஷெப்சுட்டின் பெயரை மூன்றாம் துட்மோஸ் கல்லிலிருந்து செதுக்கி எடுத்ததை உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். கொலைகாரனைப் புகழ வேண்டாம், சரிதான். ஆனால் அந்த மூளை எப்படி அப்படி ஆனது என்ற கேள்வியும் சேர்ந்து அழிந்துபோகிறதே. நாற்காலியால் மண்டையில் அடிக்கும்போதெல்லாம் கைதட்டிய என்னைப் போன்றவர்களின் பங்கும் சேர்ந்து அழிகிறது. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதமே, 2007 ஜூலையில், நம் இமாச்சலப் பிரதேசத்து தலிப் சிங் ராணா, கிரேட் காளி, உலகப் பட்டம் வென்றார். பஞ்சாப் போலீசில் இருந்தவர், ஏழடிக்கு மேல் உயரம். இந்தியர் ஒருவர் அந்தப் பட்டத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியர் ஒருவர் லட்டு கொண்டு வந்தார். வாங்கித் தின்றேன். ஆனால் அன்று இரவு டிவி போடவில்லை. என் அப்பா இருந்திருந்தால் கட்டிலில் ஏறி நின்றிருப்பார்.

தாராசிங்கைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் 1983-இல் மல்யுத்தத்தை விட்டார். 1987-இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக வந்தார். அப்பாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. கச்சேரிமேட்டில் உயரமாக ஆண்டெனா கட்டிய ஒரு வீட்டில் ஞாயிறு காலையில் போய் உட்கார்ந்துவிடுவார். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்து, 2012-இல் 83 வயதில் தாராசிங் இறந்தார். அப்பா ரசித்த மல்லர் 83 வரை இருந்தார். நான் ரசித்தவர்களில் பலர் என் வயதைக்கூடத் தொடவில்லை.

ஓசூர்த் தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ வாட்ஸ்அப் அனுப்பிய மறுநாள் பீரோவின் அடித்தட்டைத் துழாவினேன். அன்று வகுப்பில் பிடுங்கிய கட்டு இருந்தது. ரப்பர் பேண்ட் உருகிக் கார்டோடு ஒட்டியிருந்தது. மேஜை மேல் பரப்பி, உயிரோடு இருப்பவர்களை ஒரு பக்கமும் போய்ச் சேர்ந்தவர்களை ஒரு பக்கமும் வைத்தேன். இரண்டாவது பக்கம் உயரமாக இருந்தது. ஹோகனையும் அதன்மேல் வைத்தேன். பேரன் எட்டிப் பார்த்து, “இதுல யாரு தாத்தா ஸ்ட்ராங்?” என்று கேட்டான். யோகோசுனாவின் எடையைச் சொன்னேன். பார்க்காமலே சொன்னேன்.

அந்தக் கட்டு உன்னுடையதுதான் என்று நினைக்கிறேன், முகலாயர் பாடத்தின்போது மூன்றாம் பெஞ்சில் நீதானே உட்கார்ந்திருந்தாய்? அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். அண்டர்டேக்கர் கார்டு மட்டும் குறைகிறது. என் மகனை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.