பாடலை அறிந்தோம், பாடகரை அறிந்தோமா?

ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. அவற்றின் இராகமும் தாளமும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அவற்றை இயற்றியவர் யார், அவை எவ்வழியாய் நம் கைக்கு வந்து சேர்ந்தன என்று வினவுவோர் சிலரே. வேதாகமமோ பாடகரின் பெயர்களை மறைய விடவில்லை. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரம் ஆசாப், ஏமான், எதுத்தூன் என்போரின் குமாரரைப் பெயர் பெயராய்ச் சொல்லி, இசையில் தேர்ந்தோரின் தொகை 288 என்றும் கணக்கிட்டு வைத்துள்ளது. தமிழ்த் திருச்சபையிலும் பாடகரைத் தேடிச் சென்று அறிந்தோரின் வரலாறு ஒன்று உண்டு. அதனை ஈண்டுச் சுருக்கமாய் நோக்குவோம்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் தஞ்சையில் பயின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி முதலிய பல நூல்களை அவர் இயற்றினார். மிஷன் வழிபாட்டிலோ ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளே அக்காலத்தில் மேலோங்கி நின்றன. தமிழ்க் கீர்த்தனைகளுக்கு இடையூறு நேர்ந்ததும், 1829ஆம் ஆண்டையொட்டி மிஷனரிமாருக்கும் அவருக்கும் மூண்ட பூசலுக்கு ஒரு காரணமாயிற்று. அவர் மிஷன் பணியை இழந்தார். உடன் பயின்ற சரபோஜி மன்னரின் ஆதரவு அவருக்குக் கிட்டிற்று.

இம்முதிய புலவரின் அருமையை உணர்ந்தவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர். தமிழர் உள்ளம் தமிழிசையில்தான் உருகும் என்பதைக் கண்ட அவர், சாஸ்திரியாரோடு தொடர்பு கொண்டு, அவர் பாடல்களையும் பிறர் பாடல்களையும் சேகரித்து, 1853இல் கீர்த்தனை நூலொன்றை வெளியிட்டார். அப்போது சாஸ்திரியாருக்கு வயது எழுபத்தெட்டைக் கடந்திருந்தது. 1864இல் அவர் காலமானார். அந்நூல் பின்னர்ப் பல பதிப்புகளாய் வளர்ந்தது. ஒருவர் கேட்டு மகிழ்ந்தது திருச்சபை முழுமைக்கும் செல்வமாயிற்று.

எனினும் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. 1829ஆம் ஆண்டுப் பூசலில் சாஸ்திரியார் தமிழிசைக்காக மட்டும் வாதாடவில்லை. ஆலயத்தில் சாதிமுறைப்படி அமரும் வழக்கத்தையும் ஆதரித்து நின்றார். கீர்த்தனை மரபும் பெரும்பாலும் கர்நாடக இசையைத் தழுவியது. சேரியின் பறையும் வயல்வெளியின் பாட்டும் ஆலய வாயிலுக்கு வெளியே நின்றன.

அக்குறையை நீக்க முயன்றவருள் முதன்மையானவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005). மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய அவர், கிராமிய இசையில் வழிபாட்டு முறையொன்றை அமைத்தார். விலையுயர்ந்த கருவியும் நீண்ட பயிற்சியும் இன்றி ஏழைகள் தாமே பாடி, தாமே மாற்றி அமைத்துக்கொள்ளத்தக்கது நாட்டுப்புற இசை என்பது அவர் கொள்கை. அவ்விசையை நாடி 1990களில் வந்தவர் அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன். ஐயரிடம் மாணவியாய் அமர்ந்து கற்று, 2014இல் அவரது இசையையும் தலித் இறையியலையும் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கிராமப் பறைக் கலைஞர் குழு ஒன்றைப் பற்றிய அவரது ஆவணப்படமும் 2011இல் வெளிவந்தது.

இவ்வரலாறு தஞ்சைக்கும் மதுரைக்கும் மட்டும் உரியதன்று. புதுவையைச் சார்ந்த நெட்டப்பாக்கத்தை எண்ணிப் பார்ப்போம். 1954இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின் களமாய் அவ்வூர் வரலாற்றில் இடம் பெற்றது. தலைவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. ஆனால் இத்தகைய ஊர்களில் கூத்துப் பாடுவோர், பறை அடிப்போர், ஒப்பாரி சொல்லும் மூதாட்டிகள் ஆகியோரின் பெயர்களை எந்த ஏட்டில் தேடுவது? அவர்கள் மறைந்தால் பாட்டும் அவர்களோடு மறையும்.

ஊழியத்திற்கென இத்தகைய ஊர்களுக்குச் செல்லும் நம் மாணவர், பாடக் கற்பிப்பதற்கு முன் பாடக் கேட்பாராக. பாடியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெயரையும், பாட்டைக் கற்ற வழியையும் கேட்டு எழுதுவாராக. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் இசைவு பெற்றபின் சபையில் பாடுவாராக. பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவரை மறப்பது அன்பாகாது. தாவீதின் நாட்களில் பெயர் எழுதி வைத்த அச்செயல், நம் நாட்களில் நம் கடமையாக நிற்கிறது.