மணற்பரப்பும் ஆசிரியப் பயிற்சியும்

கற்பித்தற் கருவி என்றதும் இக்காலத்தவர் மனத்தில் எழுவன கணினியும் புரொஜெக்டரும் கைப்பேசியுமே. ஆயின் அப்பெயர்க்கு உரிமையுடையன அவை மட்டுமல்ல. தரையிற் பரப்பிய மணலும் ஒரு கருவியே. பனையோலையும் எழுத்தாணியும் கருவிகளே. வெண்கட்டி, கரும்பலகை, அச்சுப் புத்தகம் என்பனவும் தத்தம் காலத்திற் புதுமைகளாய் வந்து ஆசிரியரைத் தயங்கச் செய்தவையே. புதுக்கருவியொன்று வகுப்பறைக்குள் நுழையுந்தோறும், அதனைக் கையாளுவார் யார், அவர்க்கு அதனைப் பயிற்றுவார் யார் என்னும் வினாவும் உடன் நுழைகின்றது. அவ்வினாவுக்கு உலகம் விடை தேடிய வரலாற்றிலே தமிழ்நாட்டு மணலுக்குச் சிறப்பானதோர் இடமுண்டு.

நம் திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளை முதலில் எழுதியது மணலிலேயே. உபாத்தியாயர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பார். பிள்ளை எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லியவாறே வரிவடிவைத் தீட்டும். பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. மணல் மீண்டும் புதிதாகும். ஓலை அவ்வாறன்று. அதிற் கீறிய பிழை கீறியதே. ஆகவே கை பழகியபின்பே ஏடு கொடுத்தார்கள். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவரைப் படிப்பிப்பதும் அங்கு வழக்கமாயிருந்தது.

இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1623ஆம் ஆண்டிலே தென்னிந்தியாவின் மேற்குப் பகுதியிற் பயணஞ்செய்த பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், கோயில் முன்றிலில் நான்கு சிறுவர் நுண்மணல் தூவிய தரையில் விரலால் எழுதி, இசையோடு ஒருமித்துச் சொல்லிக் கணக்குப் படித்ததைக் கண்டார். ஆசிரியர் அருகில் இல்லை. ஐயம் எழுந்தால் யார் தீர்ப்பார் என்று அவர் வினவ, நால்வர்க்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தடை வாராது என்னும் கருத்துப்படச் சிறுவர் விடையிறுத்தனராம். அவ்விடையிலே ஒரு கல்விக் கொள்கையே அடங்கியிருக்கின்றது. அதனைச் சொன்ன சிறுவர் அதை அறிந்திருக்கமாட்டார்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின் மற்றோர் ஐரோப்பியரின் கண்ணில் இம்மணல் பட்டது. அவர் ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரில் 1753இற் பிறந்த அன்ட்றூ பெல் என்னும் குருவானவர். 1787இற் சென்னையை அடைந்து, 1789 முதல் எழும்பூரில் ஐரோப்பியப் போர்வீரரின் ஆண்பிள்ளைகளுக்காக அமைந்த அநாதை இல்லத்தை நடத்தினார். அங்கிருந்த உதவியாசிரியர்களோ ஊக்கங் குறைந்தவர்கள். ஒருநாட் காலை குதிரைமீது சென்ற பெல், வழியில் நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் தரையிலிருந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். கண்டதும் திரும்பிச் சென்று, கீழ்வகுப்புக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியரிடம் அவ்வாறே செய்யுமாறு பணித்தார். அவ்வாசிரியரோ, அது இயலாது என்றார். இயலாதா, மனமில்லையா என்பது பெல்லுக்கே விளங்கவில்லை.

வரலாறு திரும்பிய இடம் இதுவே. பெல் அவ்வாசிரியரோடு வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகனாகிய ஜோன் பிறிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாதென்று கைவிட்டதைச் சிறுவன் செய்துகாட்டினான். பின்பு வகுப்புத்தோறும் மாணவரே மாணவர்க்குப் படிப்பிக்கலாயினர். 1796இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டிலேயே இச்சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் முறைக்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் நிலைத்தது. அவர் பிறந்த ஊரில் அவர் கொடையால் எழுந்து 1833இல் திறக்கப்பட்ட பாடசாலைக்கும் ‘மதராஸ் கல்லூரி’ என்பதே பெயர். சட்டாம்பிள்ளை முறையையும் பெல் நம்மவரிடமிருந்தே பெற்றாரோ, அன்றித் தம் ஆசிரியரின் மறுப்பினால் தாமே கண்டாரோ என்பது ஆய்வாளர் வாதிட்டுவரும் பொருள். மணலைக் கண்டு கற்றதை அவரே ஒப்புக்கொண்டார். சட்டாம்பிள்ளையைத் தம் கண்டுபிடிப்பென்றார். திண்ணைப் பள்ளியைக் கண்டவர் மணலை மட்டும் கண்டு, மணலருகே நின்ற சட்டாம்பிள்ளையைக் காணாதிருந்தார் என நம்புதல் எனக்குச் சற்றுக் கடினமாகவே இருக்கின்றது.

இலண்டனில் 1798இற் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்ரர் இதையொத்த முறையை இன்னும் விரிவாக்கினார். மணல் பரப்பிய மேசை தொடக்க வகுப்புக்கு வந்தது. ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் பேரெழுத்தில் அச்சிட்டு அட்டைகளில் ஒட்டிச் சுவரிற் தொங்கவிட்டு, அரைவட்டமாய்ப் பிள்ளைகளை நிறுத்திப் படிப்பித்தனர். நூறு பிள்ளைக்கு நூறு புத்தகம் வேண்டியதில்லை. இம்முறையை நடத்தத் தெரிந்தவர்கள் பலர் வேண்டுமாகையால், லங்காஸ்ரர் இளைஞரைத் தம் பரோ வீதிப் பள்ளியிலேயே தங்கவைத்துப் பயிற்றினார். பிற்காலத்து ஆசிரிய கலாசாலைகளின் முன்னோடிகளுள் அது ஒன்று. பயிற்சி பெறுபவர் விரிவுரை கேட்டதைவிட, நடக்கும் வகுப்புக்குள் நின்று கருவியைக் கையாண்டு கற்றதே மிகுதி.

குறையும் கூறவேண்டும். மணி அடித்தால் எழு, கட்டளை வந்தால் எழுது என்னும் இயந்திர ஒழுங்காக அம்முறை விரைவில் இறுகிப்போயிற்று. தாம் கண்ட பாடத்தை அவ்வாறே ஒப்புவிக்கும் சிறுவரால், கேள்வி கேட்கும் பிள்ளைக்கு விடைசொல்ல இயலவில்லை. 1846இல் இங்கிலாந்து அரசு, பதின்மூன்று வயது முதல் ஐந்தாண்டு தலைமையாசிரியரிடம் பயிலும் மாணவ ஆசிரியர் முறையை ஏற்படுத்தியது. நம் நாட்டிலும் மாணவ ஆசிரியர் நெடுங்காலம் இருந்தனர்.

யாழ்ப்பாணத்தில் அக்காலத்துப் புதுக்கருவி அச்சு. வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பாடசாலையை மட்டும் நிறுவி அமையாமல், சொந்த அச்சியந்திரமும் அமைத்துப் படிமுறையாய் ஏறும் பாலபாடங்களையும் எழுதினார். கருவியும் பாடமும் கற்பிப்போரும் ஓரிடத்திற் கூடினாலன்றிப் பயனில்லை என்பதை உணர்ந்த செயல் அது. நாவலரைச் சமயத் தொண்டராகப் போற்றுவோர் பலர். வகுப்பறையை அறிந்த ஆசிரியராகப் போற்றுவோர் சிலரே.

இருபதாம் நூற்றாண்டிற் கருவிகள் பெருகின. 1913இல் அமெரிக்க விஞ்ஞானி எடிசன், பள்ளிகளிற் புத்தகத்தின் காலம் முடிந்து திரைப்படமே படிப்பிக்கும் என்றார். நூறாண்டு கடந்தும் புத்தகம் இருக்கின்றது. வானொலியும் அவ்வாறே பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. ஆனால் 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டு இந்தியாவில் நடந்த செய்மதித் தொலைக்காட்சிச் சோதனை தனியே கருதத்தக்கது. அமெரிக்காவின் செய்மதியொன்றின் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அயலிலே, கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் வீட்டிலும் அதனைப் பெறும் அலைவாங்கி ஒன்று நிறுவப்பட்டது. சோதனையை வகுத்தோர் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி காட்டுவதோடு நில்லாது, விடுமுறையில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்க்கே இருமுறை அறிவியற் பயிற்சி அளித்தனர். தொலைக்காட்சியிற் பாடம், வானொலியில் விளக்கம், கையில் அச்சுத்தாள், பின்பு செய்முறை என நான்கும் சேர்ந்த அப்பயிற்சியை ஏறத்தாழ 48,000 ஆசிரியர் பெற்றனர். ஆண்டு முடிந்ததும் செய்மதி வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது. பயின்ற ஆசிரியரோ அவ்வூர்களிலேயே இருந்தனர்.

இலங்கையில் 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய கல்வியியற் கல்லூரிகள் எழுந்தன. ஈராண்டு தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையிற் பயிற்சியாய்க் கழிக்கும் அமைப்பு அது. மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாயிருந்த நிலையில், பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி எழுந்தமை பெரும்பேறு. அதன் பயனை மாத்தளைத் தோட்டப் பாடசாலைகளிலும் காணலாம்.

யான் வாழும் தம்புள்ளையில் ஒரு குகைக்கோயில் உண்டு. அதன் சுவரிலும் பாறை முகட்டிலும் புத்தர் வரலாறும் ஈழநாட்டுப் பழங்கதைகளும், எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத போரும் தீட்டப்பட்டுள்ளன. மாணவரோடு அங்குச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் காண்கின்றேன். படம் பேசுவதில்லை, அருகில் நின்று சொல்பவர் பேசுகின்றார். எல்லாளனைப் பற்றி ஒருவர் சொல்லும்போது பிள்ளை காண்பது வேறு, மற்றொருவர் சொல்லும்போது காண்பது வேறு.

யான் முன்பு கற்பித்த பாடசாலையொன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரொஜெக்டரும் இரண்டு மடிக்கணினிகளும் வந்தன. திறப்புவிழா நடந்தது, படம் எடுத்தோம். ஒருநாட் பயிற்சியில் எம்மைத் திரையின் முன் இருத்தி, திரையைப் பற்றியே திரையிற் காட்டினர். பொத்தானைத் தொட எவர்க்கும் வாய்ப்பில்லை. பின்னர்க் கருவிகள் அலுமாரிக்குட் சென்றன. பழுதானால் கையொப்பமிட்ட ஆசிரியரே பொறுப்பு எனப் பொருட்பதிவேட்டில் எழுதியிருந்தமையால், கையொப்பமிடுவார் எவருமிலர். யானும் இடவில்லை. 2020 மார்ச்சில் நோய்ப்பரவலாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைப்பேசியிற் பாடம் அனுப்ப என் மாணவன் ஒருவனிடமே யான் கற்கவேண்டியதாயிற்று. எழும்பூர் உதவியாசிரியரை எள்ளி நகைத்துப் படித்த எனக்கு அன்று நகை வரவில்லை.

பாடசாலை மீண்டும் திறந்தபின், கல்வியியற் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியை ஒருவர் அலுமாரித் திறப்பைக் கேட்டார். பதிவேட்டில் தாமே கையொப்பமிட்டார். எட்டாம் வகுப்பில் நால்வரைத் தெரிந்து, கம்பி பூட்டுவதும் அணைப்பதும் பழக்கி, அவர்களைக் கொண்டே ஏனையோர்க்குப் பழக்கினார். மூன்றாம் வாரத்தில் மின்சாரம் நின்றது. அவர் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, மகாவலி ஓடும் வழியைக் குச்சியால் மணலிற் கீறிப் பாடத்தை முடித்தார். யான் யன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை பதிவேட்டில் என் கையொப்பமும் ஏறிற்று.