பரதேசி (திரைப்படம்)

பரதேசி, பாலா இயக்கி 2013 மார்ச் 15 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். கங்காணியின் பேச்சை நம்பித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், கடன் தீராமல் அங்கேயே சிக்கிக்கொண்ட ஊராரின் கதை. கதை நிகழும் காலம் 1939.

இதற்கு வித்திட்டவர் ஆனைமலைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பால் ஹாரிஸ் டேனியல். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969இல் வந்தது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்த பிறகே தமிழ் வாசகர்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகவே மலையேறுகிறார்கள். பாலா இங்கேதான் கதையைத் திருப்பினார். ராசா (அதர்வா) தோட்டத்துக்குப் போய்விட, கருவுற்ற அவன் காதலி அங்கம்மா (வேதிகா) ஊரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு அவன் பாட்டியோடு தங்கிவிடுகிறாள். கடைசிக் காட்சியில், மகனோடு அவளும் அதே தோட்டத்துக்கு வந்து நிற்கிறாள். இவளும் வந்து மாட்டிக்கொண்டாளே என்று ராசா கதறுகிறான்.

இரண்டாண்டு கழித்து வந்த ‘புரூக்ளின்’ படத்தில் அயர்லாந்துப் பெண் எய்லிஷும் 1950களில் தனியாகத்தான் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறாள். ஆனால் அவளால் ஊர் திரும்ப முடிகிறது; இரு கரைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் முடிகிறது. அங்கம்மாவுக்கு அந்த வாய்ப்பில்லை. ஊரார் நடந்துபோன வழியை அத்தனை நேரம் காட்டிய பாலா, பிள்ளையோடு அவள் வந்த வழியைக் காட்டவே இல்லை. படத்தின் பெரிய குறை இதுதான்.

உடையலங்காரத்துக்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். மதமாற்றத்தைக் கேலியாக்கிய மருத்துவர் பாத்திரம் கண்டனத்துக்கு உள்ளானது. மூலநூலை எழுதியவரே தோட்ட மருத்துவர் என்பதால் அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு.

போடிநாயக்கனூர்ப் பக்கம் இந்தக் கதை அந்நியமானதல்ல. மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியே போனது. சரக்கு இறங்கிய மலையில் ஆட்கள் ஏறினார்கள். இன்றும் சிலமலை போன்ற அடிவாரத்து ஊர்களின் பெண்கள் விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பழம் எடுக்கப் போகிறார்கள். இந்தச் சரிவுகளின் வாழ்க்கையை லெனின் பாரதி 2018இல் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் நேர்த்தியாகப் பதிவுசெய்தார். அதிலும் மையம் நிலம் வாங்கத் துடிக்கும் ஓர் ஆண்தான். அங்கம்மாவின் பக்கம் நின்று அந்தக் கதையைச் சொல்ல இன்னும் இடமிருக்கிறது.