உராய்வும் உலோகமும்: தைத்தேனிய மூட்டுகளின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

தொழினுட்ப வரலாறு தனிமேதையரின் கண்டுபிடிப்புகளது நிரலாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. உற்பத்தியின் தேவைகளிலிருந்து அதனை நோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலப்படும். செயற்கை இடுப்பு மூட்டில் இடம்பெற்ற தைத்தேனியம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1791இல் கோண்வாலின் கருமணலில் வில்லியம் கிரெகர் இனங்கண்ட இம்மூலகத்தை, மக்னீசியத்தின் துணைகொண்டு உலோகமாகப் பிரித்தெடுக்கும் முறையை 1930களில் லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் வகுத்தார். ஆயினும் பேரளவு உற்பத்தியை உந்தியது அமெரிக்கப் போர்விமானத் தொழிலே. நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம் 1950களில் அத்துறைக்கென உருவானதேயன்றி எலும்புக்கென உருவானதன்று. (இம்மூலகத்தின் தாதுமணல் எமது புல்மோட்டைக் கரையிலும் உண்டு. அது மணலாகவே கப்பலேறி வந்தமை தனியே ஆராயத்தக்கது.)

உடல் இவ்வுலோகத்தை ஏற்பதற்குக் காரணம், அதன்மீது தானாகவே உண்டாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகும். சுவீடனில் பிரனெமார்க் 1965இல் நோயாளியொருவருக்குப் பல்வேர்களாக அதனைப் பொருத்தியபோது எலும்பு அதனோடு நேரடியாக ஒட்டி வளர்ந்தது. அசையாத வேருக்கு நன்மை செய்த அதே மேற்பரப்பு, உராயும் மூட்டுக்குப் போதாதாயிற்று. 1970களிலும் 80களிலும் பொருத்தப்பட்ட தைத்தேனியப் பந்துகள் பொலியெதிலீன் கிண்ணத்தில் உராய்ந்தபோது படலம் கிழிந்தது, கரிய உலோகத்தூள் இழையங்களிற் படிந்தது, மூட்டுகள் தளர்ந்தன.

மேற்பரப்பை வன்மையாக்கும் முயற்சிகள் இந்நெருக்கடியாலேயே முனைப்புற்றன. நைதரசன் வாயுவிற் சூடாக்கினால் பொன்னிறமான, மிக வன்மையான நைத்திரைட்டுப் படை உண்டாகும். ஆனால் உயர்வெப்பம் மீளமீள வரும் சுமையைத் தாங்கும் திறனைக் குறைத்துவிடும். மாற்றுவழி அணுவாராய்ச்சியிலிருந்து வந்தது. 1946இல் நிறுவப்பட்ட இங்கிலாந்தின் ஹாவெல் நிலையத்தில் டியேர்னலி குழுவினர், முடுக்கப்பட்ட அயன்களை உலோகத்தினுட் செலுத்தும் முறையை 1970களில் வளர்த்தனர். இதனால் உறுப்பின் அளவும் வடிவும் மாறுவதில்லை. எனினும் நைதரசன் அயன்கள் புகும் ஆழம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே. ஆய்வுகூடச் சோதனைகளில் அப்படை சிறப்பாகவே நின்றது. உடலிலோ எலும்புச் சீமெந்தின் துகளொன்று இடையிற் சிக்கினால் அது கீறப்பட்டுவிடும். அடியிலிருப்பது பழைய மென்னுலோகமே. சோதனைப் பொறியையும், நடந்தும் குனிந்தும் உழைக்கும் மனிதரின் இடுப்பையும் ஒன்றெனக் கொண்டமையே இங்கு நேர்ந்த வழு என்பது எமது கருத்து.

பின்னர் பந்து கோபாற்று–குரோமியத்துக்கும் செரமிக்குக்கும் மாறியது. எலும்பினுட் செல்லும் தண்டு பெரிதும் தைத்தேனியமாகவே நீடித்தது. ஆனால் ஏலவே பொருத்தப்பட்ட பந்துகள் நோயாளரின் உடல்களிலேயே இருந்தன. தளர்ந்தவற்றை அகற்ற அவர்கள் மீண்டும் சத்திரசிகிச்சை மேசையிற் கிடக்க வேண்டியிருந்தது.