மார்பகப் புற்றுநோய் இடர்: மரபணுவும் வாழ்முறையும்

ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு வழிகளில் அமைகிறது. ஒன்று, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுக்கள். மற்றொன்று, பூப்பெய்திய வயது, பிள்ளைப்பேறு, தாய்ப்பால் ஊட்டல், உடல் எடை, உடலுழைப்பு, மது, ஹார்மோன் மருந்து, கதிர்வீச்சு என்று வாழ்நாள் முழுவதும் உடலில் பதியும் காரணங்கள். மருத்துவம் நெடுங்காலம் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தது. மரபைத் தேடியவர்கள் குடும்ப மரங்களை வரைந்தார்கள்; வாழ்முறையைத் தேடியவர்கள் மக்கள்தொகைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஒரே மரபணுப் பிறழ்வைச் சுமக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் இடர் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது 21ஆம் நூற்றாண்டில்தான் எண்களாகத் தெரியவந்தது. 2022இல் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர்.

தொடக்ககால அவதானிப்புகள்

தொழில்சார் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கிறித்தவக் கன்னிமடங்களில் வாழும் துறவியரிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதைக் குறிப்பிட்டார். 1842இல் டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன் அதை எண்களால் காட்டினார். வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளை அவர் எடுத்துக்கொண்டார். துறவியரிடம் கருப்பைப் புற்று அரிதாகவும் மார்பகப் புற்று அதிகமாகவும் இருந்தது. மணமான பெண்களின் நிலை இதற்கு மாறாக இருந்தது. பிள்ளை பெறாமையும் பாலூட்டாமையும் மார்பகத்தின் நோயோடு தொடர்புடையவை என்ற எண்ணத்துக்கு இவ்விருவரே முதற்சான்று தந்தவர்கள்.

மரபின் பக்கம் முதற்சான்று ஒரு குடும்பத்திலிருந்து வந்தது. மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்றால் பெண்கள் இறந்ததைப் பட்டியலிட்டு 1866இல் வெளியிட்டார். தற்செயலால் ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் இறக்க முடியாது என்பது அவருடைய வாதம். மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றிய தம் கட்டுரையை அச்சிட்டதும் அதே ஆண்டுதான். அதைப் படித்தவர்கள் அன்று மிகச் சிலர். புரோக்காவின் பட்டியலை விளக்கக்கூடிய கொள்கை அப்போது எவரிடமும் இல்லை.

கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்ஸன் 1896இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு கதவைத் திறந்தது. முற்றிய மார்பகப் புற்று கொண்ட பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கியதை அவர் கண்டார். மார்பகத்தில் வளரும் கட்டிக்கு எங்கோ தள்ளியிருக்கும் சினைப்பையிலிருந்து ஏதோ ஒன்று ஊட்டம் தருகிறது என்பது புலனாயிற்று. அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் எனத் தெளிவாக மேலும் முப்பதாண்டுகளுக்குமேல் ஆயின. 1932இல் பாரிஸில் அந்த்வான் லகசாஞ் ஆண் எலிகளுக்கு அந்த ஹார்மோனை ஊசிவழி ஏற்றி, அவற்றுக்கும் மார்பகக் கட்டி வரவைத்துக் காட்டினார்.

வாழ்முறை ஆய்வின் உண்மையான தொடக்கம் 1926. பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்துக்காக மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன், மார்பகப் புற்று கொண்ட ஏறத்தாழ 500 பெண்களையும் அந்நோய் இல்லாத ஏறத்தாழ 500 பெண்களையும் ஒரே கேள்விகளால் விசாரித்து ஒப்பிட்டார். பிள்ளை இல்லாமை, காலந்தாழ்ந்த திருமணம், குறைந்த பாலூட்டல் ஆகியவை நோயுற்றவர்களிடம் மிகுந்திருந்தன. இன்றைய பாடநூல்களில் உள்ள இடர்க்காரணிகளில் பல அந்த அறிக்கையிலேயே உள்ளன. நோயுற்றோரையும் நோயற்றோரையும் இணையாக நிறுத்தி ஒப்பிடும் முறைக்கும் அது முன்னோடி. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் நிறுவியவர்களின் பெயர் எங்கும் ஒலிக்கிறது; அதே முறையைக் கால் நூற்றாண்டு முன்பே கையாண்ட இப்பெண்ணின் பெயர் மருத்துவ மாணவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பரம்பரை என்று தோன்றுவதெல்லாம் மரபணு அல்ல என்பதற்கு அக்காலத்தில் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. மார்பகக் கட்டி தாயிடமிருந்து குட்டிக்கு வருவதாகத் தோன்றிய எலி வகையொன்றை அமெரிக்காவில் ஜான் பிட்னர் ஆராய்ந்தார். குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு வகைத் தாயிடம் பால் குடிக்க விட்டார்; கட்டிகள் பெரிதும் குறைந்தன. 1936இல் அவர் வெளியிட்ட இந்த முடிவுக்குக் காரணம் பாலில் இருந்த ஒரு வைரஸ் என்பது பின்னர் தெரிந்தது. மனிதத் தாய்ப்பாலுக்கு இது பொருந்தாது. ஆனால் ஒரு குடும்பம் மரபணுக்களை மட்டும் அல்லாமல் வாழ்க்கையையும் பகிர்கிறது என்ற பாடம் மனிதர்களுக்கும் பொருந்தும்.

மரபு மாறாதிருக்க, இடர் மாறியது

1970இல் பிரையன் மக்மஹோன் தலைமையில் ஏழு நிலப்பகுதிகளில் நடந்த பன்னாட்டு ஆய்வு, முதல் குழந்தை பெறும் வயதின் முக்கியத்துவத்தை உணர்த்தியது. 18 வயதுக்குமுன் முதற்பேறு கண்டவர்களின் இடர், 35 வயதுக்குமேல் கண்டவர்களின் இடரில் மூன்றில் ஒரு பங்கு அளவே. இந்த எண்ணை இளவயதுத் திருமணத்துக்கு நியாயமாக எவரும் காட்டக்கூடாது. சிறுவயதுப் பேறு தாய்க்கும் சேய்க்கும் இழைக்கும் கேடு இந்த நன்மையைவிடப் பன்மடங்கு பெரியது.

1973இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியப் பெண்களைப் பார்த்தது. ஜப்பானில் அரிதாயிருந்த இந்நோய் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களிடம் அமெரிக்க அளவை நோக்கி ஏறியது. இரண்டொரு தலைமுறையில் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியவை உணவும் உயரமும் எடையும் பூப்பு வயதும் பேறுகளின் எண்ணிக்கையுமே.

எல்லாவற்றினும் கூர்மையான சான்று 1977இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கே படகுகளில் வாழ்ந்த தன்கா மீனவப் பெண்கள் வழக்கமாக வலப்பக்க மார்பில் மட்டுமே பாலூட்டுவார்கள். மாதவிடாய் நின்றபின் புற்று வந்தவர்களில், பாலூட்டாத இடப்பக்கத்தில் நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக இருந்தது. ஒரே உடல், ஒரே மரபு, ஒரே உணவு. வேறுபாடு பாலூட்டல் ஒன்றே. பாலூட்டலின் பயன் பின்னர் பேரளவிலும் உறுதியானது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியான பகுப்பாய்வின்படி, ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலுக்கும் இடர் 4.3 விழுக்காடும், அதோடு ஒவ்வொரு பேற்றுக்கும் 7 விழுக்காடும் குறைகிறது.

ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பிய பெண்கள் வயதைப் பற்றிய ஓர் உண்மையைக் காட்டினர். அணுகுண்டின் கதிர்வீச்சைச் சிறுவயதிலும் பதின்பருவத்திலும் பெற்றவர்களுக்கே பிற்காலத்தில் மார்பகப் புற்று இடர் மிகுதியாக உயர்ந்தது. மார்பகம் முதிர்ச்சி பெறாத பருவத்தில் நேரும் சேதம் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைதூக்குகிறது.

மரபணுவைத் தேடிய பயணம்

அமெரிக்காவின் ஓமஹா நகரில் மருத்துவர் ஹென்றி லிஞ்ச், 1960களிலிருந்து மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் சேர்ந்து வரும் குடும்பங்களைத் தொகுத்துவந்தார். புற்றுக்குக் காரணம் வைரஸ் அல்லது சுற்றுச்சூழல் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. அவர் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மேரி-கிளேர் கிங் 1970களின் நடுவில் தொடங்கிய தேடலும் அப்படித்தான் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. மார்பகப் புற்று மிகப் பரவலான நோய்; ஒரு குடும்பத்தில் சிலருக்கு அது தற்செயலாகவே வரலாம். இந்தக் கலப்பிலிருந்து மரபுவழி நோயைப் பிரித்தெடுக்க, நோய் வந்த வயதின் வரிசையில் கிங் குடும்பங்களை அடுக்கினார். இளவயதில் நோய் கண்ட குடும்பங்களில் 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியோடு நோய் சேர்ந்தே கடத்தப்பட்டது. முதிய வயதில் கண்டவற்றில் அந்தத் தொடர்பு இல்லை. 23 குடும்பங்களை அடிப்படையாகக் கொண்ட அந்த முடிவு 1990 டிசம்பரில் வெளியானது.

அதன்பின் நடந்தது பெரும் போட்டி. 1994இல் யூட்டாவில் மார்க் ஸ்கோல்னிக் குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது, அது பிஆர்சிஏ1. 1995இல் பிரிட்டனில் மைக்கேல் ஸ்டிராட்டன் குழு 13ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ2ஐக் கண்டறிந்தது. யூட்டாவின் மிரியட் நிறுவனம் இவற்றுக்குக் காப்புரிமை பெற்றுப் பரிசோதனையைத் தன் கையில் வைத்திருந்தது. இயற்கையாக உள்ள மரபணு எவருக்கும் உடைமையாகாது என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தாமதமாக வந்தாலும் நியாயமான தீர்ப்பு.

ஒரே பிறழ்வு, இரு காலங்கள்

2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின்படி பிஆர்சிஏ1 பிறழ்வு கொண்ட பெண்களில் 72 விழுக்காட்டினருக்கும், பிஆர்சிஏ2 பிறழ்வு கொண்டவர்களில் 69 விழுக்காட்டினருக்கும் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. இந்த எண்களைக் கேட்பவர்கள் மரபணுவே விதி என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. அதை மறுக்கும் சான்றுகளில் இரண்டு விரிவாகச் சொல்லத் தக்கவை.

முதலாவது நியூயார்க் நகரில் நடந்தது. அஷ்கெனாசி யூத மரபினரிடம் சில குறிப்பிட்ட பிறழ்வுகள் பல தலைமுறைகளாக வழங்கிவருகின்றன. மார்பகப் புற்று வந்த 1,008 யூதப் பெண்களையும் அவர்களுடைய உறவினரையும் ஆராய்ந்து கிங் குழு 2003இல் முடிவுகளை வெளியிட்டது. பிறழ்வு கொண்டோரில் 1940க்குமுன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 24 விழுக்காடு. 1940க்குப்பின் பிறந்தவர்களுக்கோ 67 விழுக்காடு. இளமையில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், பூப்புப் பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடல் பருமன் இல்லாதவர்களுக்கும் நோய் தாமதமாக வந்தது.

இரண்டாவது ஐஸ்லாந்து. அங்கே பிஆர்சிஏ2 மரபணுவில் ஒரே மூதாதை வழிவந்த ஒரே பிறழ்வுதான் பரவியிருக்கிறது. அந்நாட்டில் வம்சாவளிப் பதிவுகளும் நீண்டகாலப் புற்றுநோய்ப் பதிவுகளும் இருந்ததால் பழைய தலைமுறைகளின் இடரையும் கணக்கிட முடிந்தது. 2006இல் வெளியான முடிவு: அப்பிறழ்வு கொண்ட பெண்களுக்கு 70 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 1920இல் 18.6 விழுக்காடாக இருந்து 2002இல் 71.9 விழுக்காடாக உயர்ந்தது. பிறழ்வு இல்லாத பெண்களிடமும் 1.8இலிருந்து 7.5 ஆயிற்று. இரு சாராருக்கும் ஏறத்தாழ நான்கு மடங்கு. காலம் எல்லோரையும் ஒரே விசையோடு தள்ளியிருக்கிறது. ஏற்கெனவே உயரத்தில் நின்றவர்களுக்கு அந்த நான்கு மடங்கின் பொருள் மிகக் கொடியது. நோயறியும் முறைகள் மேம்பட்டது இந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை விளக்கலாம். முழுவதையும் விளக்காது.

உடலுக்குள் நிகழ்வது

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் டி.என்.ஏ. இழையின் இரு புரியும் அறுந்துபோகும்போது அதைப் பிழையின்றி இணைக்கும் வேலையில் பங்கேற்பவை. பிறழ்வோடு பிறந்த பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் அம்மரபணுவின் ஒரு படி பழுது; மற்றது நல்லது. கண் விழித்திரைப் புற்றை வைத்து ஆல்ஃபிரட் நட்ஸன் 1971இல் முன்வைத்த கொள்கைப்படி, அந்த நல்ல படியும் ஏதேனும் ஒரு செல்லில் இழக்கப்பட்டால்தான் புற்றுக்கு வழி பிறக்கிறது. அந்த இரண்டாவது இழப்பு பிறப்போடு வருவதில்லை. அது வாழ்நாளில் நேர்வது.

வாழ்முறை நுழையும் இடம் இதுவே. ஈஸ்ட்ரோஜன் தூண்டும்போதெல்லாம் பால்சுரப்பியின் செல்கள் பிளவுறுகின்றன, பிளவுதோறும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, பிழைக்கு வாய்ப்பும் பிறக்கிறது. பூப்பு முந்தி, மாதவிடாய் நிறுத்தம் பிந்தினால் இத்தூண்டல் நீள்கிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிப்பதால் உடல் பருமன் அப்பருவத்தில் இடரைக் கூட்டுகிறது. மது ஈஸ்ட்ரோஜனை உயர்த்துவதோடு, சிதையும்போது டி.என்.ஏ.வை நேரடியாகச் சேதப்படுத்தும் பொருளையும் உண்டாக்குகிறது. நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹாலுக்கு இடர் சுமார் 7 விழுக்காடு ஏறுவதாக 2002இல் கணக்கிடப்பட்டது. பேறும் பாலூட்டலும் சுரப்பிச் செல்களை முதிரச் செய்து பிளவைக் குறைக்கின்றன. கிழிசல் தைக்கும் கை குறைந்த வீட்டில் துணி எவ்வளவு கிழிகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். பிறழ்வு கொண்ட உடலில் வாழ்முறைக்கு உள்ள பங்கும் அத்தகையது.

ஆயினும் எல்லாக் காரணங்களும் எல்லாரிடமும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. பிஆர்சிஏ1 பிறழ்வு உடையவர்களுக்கு ஓராண்டுக்கு மேலான பாலூட்டல் இடரைக் கணிசமாகக் குறைப்பதாக 2004இல் வந்த ஆய்வு, பிஆர்சிஏ2 உடையவர்களிடம் அதே பயனைக் காணவில்லை. நல்ல வாழ்முறை இப்பிறழ்வுகளின் இடரை முற்றிலும் நீக்கிவிடாது. நெருக்கமான மருத்துவக் கண்காணிப்பும், சிலருக்குத் தடுப்பு அறுவையும் தேவைப்படவே செய்யும். நோய் வந்த பெண்ணைப் பார்த்து அவர் வாழ்ந்த முறையைக் குற்றம் சொல்வதற்கு இந்த அறிவியலில் எந்த இடமும் இல்லை.

பெரும்பான்மையினரின் இடர்

மார்பகப் புற்று வந்த பெண்களில் ஒன்பதில் எட்டுப் பேருக்குத் தாய், சகோதரி, மகள் எவருக்கும் அந்நோய் இல்லை என்று 2001இல் வெளியான பெரும் தொகுப்பாய்வு காட்டியது. இவர்களிடமும் மரபு இல்லாமலில்லை. 2007 முதல் டக்ளஸ் ஈஸ்டன் உள்ளிட்டோரின் ஆய்வுகள் இடரைச் சிறிதளவே கூட்டும் மரபணு மாறுபாடுகளை அடுக்கடுக்காகக் கண்டறிந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. தனித்தனியே அற்பமானவை, ஒரே பெண்ணிடம் பல சேர்ந்தால் பொருட்படுத்தத் தக்கவை.

2016இல் அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் தரவுகளை வைத்து இம்மாறுபாடுகளும் வாழ்முறையும் ஒன்றாகக் கணக்கிடப்பட்டன. மாற்ற இயலாத காரணங்களால் மிக உயர்ந்த இடரில் இருந்த பத்தில் ஒரு பங்கினருள், உடல் எடை குறைவாக இருந்து, மதுவும் புகையும் இன்றி, மாதவிடாய் நிறுத்த ஹார்மோன் மருந்தும் உட்கொள்ளாதவர்களின் இடர், சராசரிப் பெண்ணின் இடரையொட்டியே இருந்தது. அந்த ஹார்மோன் மருந்தின் தீங்கு 2002இலேயே வெளிப்பட்டிருந்தது: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தை ஆராய்ந்த அமெரிக்கச் சோதனை, மார்பகப் புற்று 26 விழுக்காடு கூடியதால் இடைநிறுத்தப்பட்டது. பெண்கள் அம்மருந்தைக் கைவிட்ட மறுவருடமே அந்நாட்டில் புதிய நோயாளிகளின் விகிதம் சுமார் 7 விழுக்காடு சரிந்தது.

கேம்பிரிட்ஜில் உருவான போடிசியா என்ற கணிப்பு முறை 2019இலிருந்து அரிய பிறழ்வுகள், சிறு மாறுபாடுகள், குடும்ப வரலாறு, வாழ்முறை ஆகிய நான்கையும் ஒரே கணக்கில் சேர்க்கிறது. இதற்கு அடிப்படையான மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களுடையது. அதனால் இந்தியப் பெண்களுக்கு அக்கணிப்பின் துல்லியம் குறைகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கியபோது நகரப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. இன்று அவ்விடத்தில் மார்பகப் புற்று உள்ளது. இந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது. இம்மக்களின் மரபணுத் தரவுகளையும், அவர்கள் உண்டதையும் உழைத்ததையும் பாலூட்டியதையும் பற்றிய தரவுகளையும் ஒன்றாகத் திரட்டும் பணி இன்னும் பெரிய அளவில் நடக்கவேண்டியிருக்கிறது.